சோளத்துக்கு வெளிச் சம்பந்தம்

நான் வாயைத் திறந்தால் வம்பு என்பது எங்கள் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். எனக்குத்தான் தாமதமாகத் தெரிந்தது. பெயர் மெல்வின். நிவித்திகல பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பீல்ட் ஒபிசர். மலை மலையாகத் தேயிலை பார்க்கிற நான், வீட்டுக்குப் பின்னால் போட்ட சோளத்தைக் குள்ளமாக்கி வைத்திருந்தேன்.

எல்லாம் என் மூளைதான். ஒவ்வொரு போகமும் இருப்பதிலேயே நல்ல கருதாகப் பார்த்து ஒன்றே ஒன்றை விதைக்கு எடுப்பேன். வருஷம் போகப் போகச் செடி இடுப்புக்கு மேல் வர மறுத்தது. கருதெல்லாம் பொக்கை வாயாக இளித்தது. நான் மண்ணைத் திட்டினேன், மழையைத் திட்டினேன், உரம் விற்ற கடைக்காரனையும் விடவில்லை.

தோட்டப் பாடசாலைக்கு விவசாயம் படிப்பிக்க வந்த யாழ்ப்பாணத்துக் கேதீசன் ஒருநாள் வேலியோரம் நின்று பார்த்தான்.

"ஒரு பொத்தியில இருந்து வித்தெடுத்தால் எல்லாம் சகோதரங்கள்தானே சேர். தங்களுக்குள்ளயே கலந்து கலந்து பலம் போயிட்டுது."

"அப்ப இத்தன வருஷமா அண்ணனுக்கும் தங்கச்சிக்குமா கல்யாணம் பண்ணி வச்சிருக்கேன்? ஆண்டவரே!"

அவன் தன் தாயார் வளவில் விளைந்த வேறு சோள விதை கொண்டுவந்தான். வரிசை மாற்றி நட்டோம். என் சோளத்தின் உச்சிப் பூவை எல்லாம் கிள்ளி எறிந்தோம், அவன் சோளத்தின் பூந்தூள் மட்டும் அதில் விழ வேண்டும் என்று. அதில் வந்த விதையை அடுத்த போகம் போட்டால், அம்மாடி, என் தலைக்கு மேல் நின்றது!

எனக்குத் தலைகால் புரியவில்லை. பூசை முடிந்து சர்ச் வாசலிலும் பிரசங்கம், பஸ்ஸிலும் பிரசங்கம். "சொந்தத்துக்குள்ளயே கட்டினா வம்சம் நொந்துபோகும். தூரத்துல சம்பந்தம் பண்ணணும்!" கண்டக்டருக்குச் சிங்களத்தில் விளக்கினேன். பாவம், டிக்கட் கொடுக்க மறந்துவிட்டான்.

வீட்டிலும் அதையே சொன்னபோது என் மகள் சரோன் சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அப்ப அத்தை மகன் அமல்ராஜுக்கு என்னைய எதுக்குப்பா பேசி வச்சிருக்கீங்க?"

"அது மனுசங்க விசயம். சோளமில்ல."

"நான் கேதீசன் சேரைத்தான் கட்டிக்குவேன்."

என் மனைவி தெரேசம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அமல்ராஜிடம் போய்த் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவன் "அப்பாடா" என்றான். சோளத்தைத் தவிர எதையும் பார்க்காமல் இருந்தவன் நான் ஒருவன்தான்.

கோபம் வந்தது. அதைவிடப் பயம் வந்தது. யாழ்ப்பாணத்தார் சிலர் எங்களை இளக்காரமாகச் சொல்லும் 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவன் நான். கேதீசன் வீட்டில் யாராவது என் பிள்ளையை அப்படிப் பார்த்தால் தாங்கமாட்டேன். ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. கேதீசனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். "சர்ச்சா, கோயிலா?" என்று கேட்டேன்.

"கலக்கிறதெண்டாலும் ரெண்டு வித்தையும் தனித்தனியா வைச்சிருக்க வேணும் சேர்" என்றான். அது சோளத்துக்குச் சொன்னதா கல்யாணத்துக்குச் சொன்னதா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. ஆனால் பிடித்துப்போனது.

அடுத்த நாள் கல்யாண விசயமாக அவன் தாயார் சிவனேஸ்வரிக்கு நானே போன் எடுத்தேன். வீடே சுற்றி நின்றது.

"கவலப்படாதீங்கம்மா. ஒங்க மகனக் கூப்பிட்டு உக்கார வச்சு நல்லா பேசிட்டேன்."

"பேசினியளோ?"

"ஆமாங்க, ரெண்டு மணி நேரம். தலையக் குனிஞ்சு கேட்டுக்கிட்டாரு. நல்ல புள்ள."

அந்தப் பக்கம் ஒரு விம்மல் கேட்டது. போன் துண்டிக்கப்பட்டது.

"ஐயோ அப்பா!" சரோன் தலையில் கை வைத்தாள். "அவங்க பக்கம் பேசுறதுன்னா ஏசுறது!"

"அப்ப ரெண்டு மணி நேரம் ஏசினேன்னா சொல்லிப்புட்டேன்?"

"எல்லாம் முடிஞ்சுதுப்பா" என்று அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள். வெளிச் சம்பந்தம் என்று ஊரெல்லாம் கத்திய அதே வாயால் என் மகளின் சம்பந்தத்தையே கெடுத்துவிட்டேன். என்னை நானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அப்போது போன் அடித்தது.

"குறை நினைக்காதேங்கோ, தொண்டை அடைச்சிட்டுது" என்றார் சிவனேஸ்வரி. "தகப்பன் போனபிறகு அவனை உரிமையோட பேச ஒருத்தரும் இல்லை. நானும் செல்லம் குடுத்திட்டன். நீங்கள் பேசினது எண்டு கேக்க, பிள்ளைக்கு ஒரு தகப்பன் கிடைச்ச மாதிரி இருந்தது. இனியும் பேசுங்கோ."

விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அதை மூடிக்கொண்டேன்.

"சரிங்கம்மா, பேசுறேன்" என்றேன். கண் கலங்கிவிட்டது.

மறுநாள் பின்னேரம் கேதீசன் மழையில் சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றான்.

"ஏன்டா, ஒரு கொடைய எடுத்துக்கிட்டு வரத் தெரியாதா? காய்ச்சல்ல படுத்தா யாருடா பாக்குறது? வாத்தியாராம் வாத்தியார்!"

அவன் திகைத்து என்னைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"பேசாதேங்கோ, மாமா" என்றான்.