எட்டாவது புள்ளி

அறிவுக்கு விலையில்லை என்று மேடையில் முழங்குகிறவர்கள் கணிதத்தில் முதுமாணிப் பட்டத்துக்கு விண்ணப்பித்திருக்கமாட்டார்கள். அதற்கு விலை உண்டு. முப்பது கிரெடிட். மெய்ப் பகுப்பாய்வும் அட்சரகணிதமும் கட்டாயம். அந்த இரண்டிலும் பேரம் கிடையாது. மற்றப் பாடங்களை விருப்பம்போல் பொறுக்கலாம். எல்லாம் சேர்ந்து இருபத்து நாலு. மீதி ஆறுக்கு ஓர் ஆய்வேடு எழுதி, பரீட்சகர்களுக்கு முன்னால் நின்று அதைக் காப்பாற்ற வேண்டும். ஆய்வேடு வேண்டாம் என்றால் இருபத்து நாலோடு டிப்ளோமாவை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். முழுச் சாரிக்குக் காசு போதாதவளுக்குச் சட்டைத்துண்டு கிழித்துக் கொடுப்பதுபோல.

நான் காத்தான்குடித் துணிக்கடையொன்றில் வளர்ந்தவள். பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்துக்கொண்டு, வார இறுதிகளில் பஸ் ஏறிப்போய் அந்த இருபத்து நாலையும் சம்பாதித்துவிட்டேன். மிச்ச ஆறில் ஏதாவது குறைக்கலாமா என்று பார்த்தது என் பிறவிக் குணம்.

என் ஆய்வு புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் பற்றியது. கோட்டால் இணைந்த இரண்டு புள்ளிகளுக்கு ஒரே நிறம் வரக்கூடாது. ஒரு குறிப்பிட்ட வகைப் படங்களுக்கு மூன்று நிறம் போதும் என்பது என் கட்சி. ஏழு புள்ளி வரைக்கும் கீறிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் போதுமாயிருந்தது. மூன்றாம் அதிகாரத்தில் ‘ஏனையவையும் இவ்வாறே’ என்று எழுதிவிட்டேன். மாதிரித் துண்டைக் காட்டி முழுத் துணிக்கட்டையும் விற்பது எங்கள் பரம்பரை வழக்கம்.

என் மேற்பார்வையாளர் பேராசிரியர் கனகசிங்கம் அந்த வரியைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார்.

“ஏழுக்குப் பிறகு உலகம் முடியுதோ, நஸீறா?”

“அது உண்மைதான் சேர். எல்லாருக்கும் பாத்தாலே விளங்கும்.”

“எனக்கு விளங்கல்லயே. நிறுவல் எங்க?”

“அப்ப மூண்டாம் அதிகாரத்த எடுத்திட்டு, மத்த ரெண்டையும் வெச்சு முடிப்பமா?”

“அதுக்குப் பேர் ஆய்வேடில்ல. முன்னுரை.”

அப்போதுதான் நான் அதைச் செய்தேன். “செரி சேர். எனக்கு ஆய்வேடு வேணாம். டிப்ளோமாவோட போறன்” என்று எழும்பினேன்.

கடைத்தெருவில் இதன் பொருள் சிறுபிள்ளைக்கும் தெரியும். விலை கட்டாவிட்டால் வாங்க வந்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்குவார். முதலாளி வேறு எங்கோ பார்ப்பார். அடுத்த கடை வாசலை எட்டுமுன் “இஞ்ச வாங்க, கடைசியா ஒரு விலை கேளுங்க” என்று குரல் வரும். இறங்குகிறவர் மெதுவாக நடக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். வேகமாக நடப்பவன் உண்மையாகவே போகிறவன்.

சேர் களுதாவளைக்காரர். விலை ஒட்டிய கடையில் சாமான் எடுத்து, சொன்ன காசைக் கொடுத்து, வீடு போகிறவர். கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

“யோசிச்சுத்தான் சொல்றீங்களோ?”

“ஓம் சேர்.”

“உங்கட விருப்பம். மாத முடிவுக்குள்ள ஒரு கடிதம் தாங்க.”

மெதுவாக நடந்தேன். அறிவித்தல் பலகைக்கு முன்னால் நின்று செருப்பு வாரைச் சரிசெய்தேன். முடிந்துபோன ஒரு பரீட்சையின் நேரசூசியை முழுதாக வாசித்தேன். பின்னால் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அதற்குமேல் மெதுவாக நடக்கத் தெரியாமல் பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

அடுத்து வந்த நாட்களில் ஃபோனைக் கையிலேயே வைத்திருந்தேன். வாப்பாவுக்குப் பிறகு கடையை நடத்தும் தம்பி நிஸ்தாருக்கு அது சிரிப்பாயிருந்தது.

“என்ன ராத்தா, ஃபோனையே முறைக்கிறீங்க. மச்சான் கோவமா?”

நடந்ததைச் சொன்னேன். துணியை அளந்தபடியே கேட்டான்.

“அவர்ட சரக்கு ஓடாமக் கிடக்கா?”

“இல்ல.”

“அப்ப என்னத்துக்குக் கூப்பிடப்போறார்? சரக்குத் தேங்கினவன்தான் கூப்பிடுவான்.”

“நான் கிறுகிப் போகட்டா?”

“இறங்கின கடையில திருப்பி ஏறுறதா?” கத்தரிக்கோலைக் கீழே வைத்தேவிட்டான். “வாப்பாட மகளா கேக்கிறீங்க? சொன்ன விலையக் குடுத்திட்டு, அவன்ட சிரிப்பையும் வாங்கிக்கிட்டு வரணும். நானெண்டா செத்தாலும் ஏறமாட்டன்.”

வீட்டில் நானும் குளிர்சாதனப் பெட்டியின் முனகலும்தான். எனக்குச் சீதனமாகக் கட்டிய வீடு, அறைகள் அதிகம். என் புருசன் அஸ்பாக் தோஹாவில் இருக்கிறார். அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு ஃபோன் எடுத்தார்.

“என்ன செய்றாய்கா?”

“கடிதம் எழுதப் போறன். ஆய்வேடு வேணாமெண்டு.”

“நல்லம். இனி நிம்மதியாத் தூங்கு” என்றார். பிறகு, நாட்டில் மழையா என்று கேட்டார். மழையில்லை என்றேன். அத்தோடு எங்களிடம் இருந்த பேச்சு தீர்ந்துவிட்டது.

கடிதத்தில் ‘மதிப்பிற்குரிய’ வரை வந்தேன். சேர் போட்ட பென்சில் வட்டம் கண்ணுக்குள் நின்றது. ஏழுக்குப் பிறகும் உலகம் அப்படியேதான் இருக்கிறது என்று எனக்கு நானே காட்டிவிட்டுக் கையொப்பம் வைக்கலாம் என்று இன்னொரு தாளை எடுத்தேன். எட்டாவது புள்ளியை வைத்தேன். சிவப்பு, பச்சை, நீலம். கடைசிப் புள்ளி மூன்றையும் தொட்டுக்கொண்டு நின்றது. நிறங்களை மாற்றினேன். வேறொரு புள்ளி அடைபட்டது. இருக்கக்கூடிய எல்லா வழிகளையும் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வந்தேன். பொழுதுபட்டு மஃரிபு பாங்கு சொன்னபோது வழி எதுவும் மிச்சமில்லை. படம் நாலாவது நிறத்தைக் கேட்டது.

நான் சொன்னது பொய். கட்டையின் உட்பக்கம் கிழிசல்.

கவலை வந்திருக்க வேண்டும். எனக்கு மயிர் கூச்செறிந்தது. அந்தக் கிழிசலை நான் கண்டுபிடித்திருந்தேன். யாருக்காவது உடனே சொல்ல வேண்டும்போல் இருந்தது. நிஸ்தாருக்கு எடுத்தேன்.

“நாலாவது நிறத்தையும் குடுத்திருங்க ராத்தா. கடையில எத்தின நிறம் கிடக்கு!” என்றான்.

படத்தை எடுத்து அஸ்பாக்குக்கு அனுப்பினேன். இரண்டு நீலக்கோடு விழுந்தது. பிறகு ஒரு பெருவிரல் வந்தது.

இந்த எட்டுப் புள்ளியைப் பார்த்து மூச்சை அடக்கக்கூடிய ஒரேயொரு மனிதர்தான் எனக்குத் தெரிந்த உலகத்தில் இருந்தார். அவருடைய படியைத்தான் நான் இறங்கி வந்திருந்தேன்.

மறுநாள் பஸ் கல்லடிப் பாலத்தில் ஏறியபோது வாவியில் ஒற்றைத் தோணி நின்றது. அதிலிருந்தவன் வலையை வீசிவிட்டு, விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கைப்பையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று ‘மதிப்பிற்குரிய’ என்பதோடு நின்ற கடிதம்.

சேரின் கதவு திறந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அங்கே யாரும் கழற்றுவதில்லை.

“கடிதமோ?” என்று கையை நீட்டினார்.

“இல்ல சேர். நான் சொன்னது பிழை.”

“எது? ஆய்வேடு வேணாமெண்டதோ?”

“ஏழுக்குப் பிறகு எல்லாம் அப்படித்தானெண்டது.”

படத்தைக் கொடுத்தேன். அவர் பென்சிலை எடுத்து, புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார். பென்சில் எட்டாவதில் நின்றது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். பிறகு தாளைத் திருப்பி, யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பின்பக்கத்திலிருந்து பார்த்தார். வாப்பா துணி வாங்கப் போனால் அப்படித்தான் பார்ப்பார்.

நான் வெறுங்காலோடு நின்றேன். வரவு இருபத்து நாலு. மூன்றாம் அதிகாரம் முழுவதும் நட்டம். கையிருப்பு எட்டுப் புள்ளி. பாக்கி ஆறு.