ஆதித்தாய்க்கு மூட்டுவலி கிடையாது

எலுமிச்சைக் கேக்கைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தபோது, சமையலறைத் தரையில், நிலவறையிலிருந்து சூட்டுக்காற்று வரும் ஹீட்டர் துளை வழியாக என் மகனின் செருமல் கேட்டது. பேசத் தொடங்குமுன் தொண்டையை இரண்டு தரம் செருமிக்கொள்வது ஜோயலின் வழக்கம். பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பித்தபோதும் அப்படித்தான், கல்யாணத்தில் சம்மதம் சொன்னபோதும் அப்படித்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டு இரண்டு வருஷம் ஆகிறது. கத்தியைக் கேக்கிலேயே விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். என் முழங்கால் இருக்கிற இருப்பில் உட்காருவது சுலபம், எழுந்திருப்பதுதான் தனி வேலை.

சனிக்கிழமை காலைகளில் எங்கள் வீட்டு நிலவறை ஆண்களுக்குச் சொந்தம். என் கணவர் ஆர்லன் இரும்புச் சுரங்கத்தில் ராட்சத மண்வாரியை ஓட்டி ஓய்வு பெற்றவர். நெஞ்சுவலி வந்து பிழைத்த வருஷம், டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். உயர்நிலைப் பள்ளியில் மனநல ஆலோசகராக இருந்த லாயிட் கதை கேட்கச் சொன்னார். ஆர்லன் நடக்கவில்லை. கீழே ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்காருவார்கள். ஆர்லன் சுட்ட மானின் கொம்பு கைமாறும், அது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும்தான் பேசலாம். லாயிட் ஒரு பழங்கதை சொல்லி, பாதியில் நிறுத்தி, இந்தக் கதையில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்பார். அங்கே பேசியது படியேறி வரக்கூடாது என்பது விதி. விதியைப் போட்டவர்கள் ஹீட்டர் குழாயைக் கணக்கில் எடுக்கவில்லை. நான் ஒட்டுக்கேட்கிறேன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. என் வீடு பேசுகிறது, எனக்குக் காது இருக்கிறது.

ஆரம்பத்தில் நன்றாகச் சிரித்திருக்கிறேன். பள்ளிப் பேருந்து ஓட்டும் கோர்டி ஒரு நாள் தன்னை ஓநாய் என்று சொல்லிக்கொண்டு அழுதான். அடுத்த வாரம் ஆர்லன் படியிறங்கும்போது, "குகைக்குக் கிளம்பியாச்சா? கடிச்சு வெச்சுடாத யாரையும்" என்றேன். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு, தேவாலயத்தில், ஆர்லன் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாரும் பார்க்கும்படி. அதற்கப்புறம் கேலியைக் குறைத்துக்கொண்டு கேக் செய்து கொடுக்க ஆரம்பித்தேன்.

ஜோயல் விஷயத்துக்கு வருகிறேன். மனைவி கிர்ஸ்டன் விட்டுப் போனபின் அவன் டுலூத் நகரத்தில் தனியாக இருந்து குடித்தான். நான் காரை எடுத்துக்கொண்டு போனேன். வீட்டுக்காரரிடம் சாவி வாங்கி, வீட்டைத் துடைத்து, பாட்டில்களைக் கொட்டி, துறைமுகத்தில் அவனுடைய மேற்பார்வையாளருக்கு போன் செய்து பையனுக்கு ஜுரம் என்றேன். கிர்ஸ்டனையும் போய்ப் பார்த்து, திரும்பி வரும்படி கெஞ்சினேன். எந்தத் தாயும் செய்யாததை நான் செய்ததாக இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் அவன் போனில், "அம்மா, நானா கூப்பிடற வரைக்கும் நீ கூப்பிடாத" என்றான். கத்தவில்லை. கத்தியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அதன்பின் அவன் கூப்பிடவேயில்லை. ராத்திரியில் நான் புலம்பினால் ஆர்லன், "நல்லாத்தான் இருப்பான், தூங்கு" என்பார். இவருக்கு எப்படி இவ்வளவு நிச்சயம் என்று யோசித்திருக்கிறேன். இப்போது தரையில் உட்கார்ந்தபடியே புரிந்தது. அப்பாவிடம் மட்டும் அவன் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

அன்றைக்கு லாயிட் சொன்ன கதை இதுதான்.

"ஏரிக்கரையில ஒரு அம்மா, ஒரு பையன். ஏரி உறைஞ்சதும், பையன் தூக்கத்துல எழுந்து ஐஸ் மேல நடந்து போயிடுவானோன்னு அவளுக்குப் பயம். தன் தலைமுடியிலயே கயிறு திரிச்சு, ஒரு முனைய அவன் கணுக்கால்லயும் இன்னொரு முனைய தன் மணிக்கட்டுலயும் கட்டிக்கிட்டா. அவன் வளர வளர கயிறும் வளந்துது. தாடி முளைச்ச அப்புறமும் கட்டு அவுக்கல. ஒரு நாள் அக்கரையில இருந்து ஒரு கரடி அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுது. நடந்தான். பாதி ஏரியில கயிறு இழுத்துப் பிடிச்சுது. கையில கத்தி இல்ல. குனிஞ்சு பல்லால கடிச்சான்." நிறுத்தினார். "சரி. யார் யார் எங்க நிக்கறீங்க?"

கோர்டியின் குரல் வந்தது. "நான் இன்னும் கரையிலதான் இருக்கேன். பூட்ஸ தேடிக்கிட்டு."

சிரிப்பு. அதற்குப் பிறகுதான் அந்தச் செருமல்.

"கயிறு இன்னும் என் வாயிலயே இருக்கு" என்றான் ஜோயல். "கடிச்சுட்டேன். துப்பத்தான் முடியல. எங்க அம்மா மோசமானவங்க இல்ல. மோசமா இருந்திருந்தா நல்லா சண்டை போட்டுட்டுப் போயிருப்பேன். நான் குடிச்சுட்டு வேலைக்குப் போகலன்னா, எனக்கு ஜுரம்னு போன் பண்ணாங்க. அந்த வேலைய நானா தொலைச்சிருந்தா அது என் தப்பு. என் தப்பக்கூட என்கிட்ட விட்டு வைக்கல."

"அப்புறம்?" யாரோ கேட்டார்கள்.

"அப்புறம் நானே தொலைச்சேன். இப்ப வேற வேலை. குடிக்கறதில்ல."

குடிக்கறதில்ல. அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை ஜெபம். கடைசியில் அது எனக்கு வந்து சேர்ந்தது இரும்புத் துளை வழியாக, எனக்காகச் சொல்லப்படாமல். சந்தோஷத்தில் அழுதேனா அவமானத்தில் அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

லாயிட் தன் பாடத்தை ஆரம்பித்தார். "ஜோயல், இதுல வர்றது உங்க அம்மா இல்ல. ஒவ்வொரு ஆம்பள மனசுக்குள்ளயும் இருக்கற ஆதித்தாய். அவ கிட்டயிருந்து அறுத்துக்கிட்டுப் போனாத்தான் பையன் ஆம்பளயாவான். நிஜ அம்மாவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

சம்பந்தமே இல்லையாம். ஆதித்தாய்க்கு மூட்டுவலி கிடையாது. அவள் பிரசவத்தில் கிழிபட்டதில்லை, கீழே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு எலுமிச்சைக் கேக் செய்ததும் இல்லை. நல்ல வசதியான பெண்பிள்ளை.

"உங்க ஆதித்தாய் டுலூத்துக்குக் கார் ஓட்டிட்டு வந்து என் ஃபிரிட்ஜைத் துடைச்சதில்ல, லாயிட்" என்றான் ஜோயல். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

சிரிப்பு அடங்கியது. கொம்பு ஆர்லன் கைக்குப் போயிருக்க வேண்டும்.

"நான் நிக்கற இடம் இந்தக் கதையில இல்ல" என்றார். "இதுல அப்பனே வரல, கவனிச்சீங்களா? அங்கதான் நான். ஷிப்ட் முடிச்சு வந்து படுத்துக் கிடக்கேன். அவ கயிறு கட்டறப்ப எனக்கு முழிப்பு வந்துது. அவ பாத்துக்கறா, எனக்கென்னன்னு திரும்பிப் படுத்துட்டேன். அவ மணிக்கட்டு காய்ச்சுப் போச்சு. அதையும் பாக்கல."

நாற்பது வருஷமாக நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது. அதைப் போய் ஓநாய்களிடமும் கரடிகளிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். பக்கத்துத் தலையணையில் படுத்திருந்த என்னிடம் சொல்ல வாய் வரவில்லை. அந்த நிமிஷத்தில் அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, அவர் தலையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

நான் எங்கே நிற்கிறேன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கரையில் நிற்கிறேன். கையில் இருந்த கயிறு திடீரென்று லேசாகிவிட்டது. இழுத்தால் சும்மா வருகிறது. அவன் அறுத்துக்கொண்டு போனானா, ஐஸ் உடைந்து உள்ளே போய்விட்டானா என்று கரையில் நிற்பவளுக்கு எப்படித் தெரியும்? இரண்டு வருஷம் நான் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் யாரும் கதையை நிறுத்துவதில்லை.

மேஜைக் காலைப் பிடித்து எழுந்து, நிலவறைக் கதவின் பிடியில் கை வைத்தேன். இறங்கிப் போனால் என்ன ஆகும் என்று தெரியும். ஜோயல் எழுந்து, வந்ததுபோலவே நிலவறையின் பக்கவாசல் வழியே போய்விடுவான். இன்னொரு சனிக்கிழமை வர மாட்டான். என்னிடம் வராவிட்டாலும் என் வீட்டின் அடியில் வந்து உட்காருகிறானே, அதுவும் இல்லாமல் போகும். கையை எடுத்தேன். கோட்டை மாட்டிக்கொண்டு முன்வாசல் வழியாக வெளியே வந்தேன். அவன் வண்டியையாவது பார்க்கலாம் என்றுதான்.

சந்தில் அவனுடைய பழைய நீலப் பிக்கப் வண்டி நின்றது. அவர்கள் உள்ளே பேசிக்கொண்டிருந்த நேரத்தில் பனி நன்றாகக் கொட்டியிருந்தது. ஓடிவந்த சூட்டில் முதலில் விழுந்தது உருகி, பிறகு கண்ணாடியில் இறுகி உறைந்து, அதன்மேல் புதுப்பனி கிடந்தது. பக்கவாட்டு ஜன்னலைத் துடைத்து உள்ளே பார்த்தேன். வேலைக் கையுறைகள், ஒரு காபிக் குவளை, இருக்கையில் மடித்து வைத்த சட்டை. அவனே மடித்திருக்கிறான், கோணலாக. பாட்டில் எதுவும் இல்லை. ஆமாம், தேடினேன்.

எங்கள் காரிலிருந்து ஐஸ் சுரண்டியை எப்போது எடுத்தேன் என்று நினைவில்லை. முதலில் முன்கண்ணாடியின் பனியைத் தள்ளிவிட்டு, பிறகு அடியில் இருந்த ஐஸைச் சுரண்ட ஆரம்பித்தேன். குளிரில் வெளியே வந்து அவன் ஏன் கஷ்டப்பட வேண்டும்? கை பாட்டுக்கு வேலை செய்தது. ஓட்டுநர் பக்கம் முழுக்கத் தெளிந்து, உள்ளே ஸ்டியரிங் பளிச்சென்று தெரிந்தபோதுதான் நான் மறுபடியும் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று உறைத்தது.

நிலவறையில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. கோர்டி எதற்கோ உரக்கச் சிரித்தான்.

சுரண்டியைப் பனிக்குள் வீசினேன். வண்டியின் முன்மூடியில் கிடந்த பனியை இரண்டு கைகளாலும் வாரி, யாரும் தொடாதது போல இருக்கட்டும் என்று கண்ணாடியில் அப்பினேன். சுரண்டிய கண்ணாடி வழவழவென்று இருந்தது. பனி ஒட்டவில்லை. திரும்பவும் வாரினேன், உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தேன். கையை எடுத்ததும் சரிந்தது. பக்கவாசல் கதவு திறந்தது. யாரோ படியேறி வந்து நின்றார்கள். நான் திரும்பிப் பார்க்காமல் வாரி வாரி அப்பிக்கொண்டிருந்தேன், அது நிற்காமல் வழுக்கி விழுந்துகொண்டே இருந்தது.