ஐந்நூறு அடியில் ஓர் "ஓம்"

1
இந்தக் கதை கருகிய பருப்பிலிருந்து வந்தது. மறைக்க என்ன இருக்கிறது? போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவி சிவகௌரி, "பத்து நிமிசத்திலை அடுப்பை நிப்பாட்டுங்கோ" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். நான் "ஓம், ஓம்" என்று தலையாட்டினேன். கொக்குவில் சந்திவரை மணத்தது. "உங்கடை ஓமை நம்பி ஒரு பிளேனை இறக்கேலுமோ?" என்று கேட்டாள். சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். அதற்கும் ஏச்சு விழுந்தது.

2
"கார்த்திகை மாதத்து முகில்கள் துயரத்தோடு..." (முகிலுக்கு என்ன துயரம்? வெட்டு.)

மறுபடியும். பிரவீணனின் சின்ன விமானம் வலிகாமத்துக்கு மேலே மழைமுகிலுக்குள் அகப்பட்டுவிட்டது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. கருவிகளை மட்டும் பார்த்து இறங்க வேண்டும். அதில் அவன் புதியவன். வேறு தளத்துக்குப் போக எரிபொருள் இல்லை. (இந்தத் தளத்தின் பெயரைக் கேட்காதீர்கள். நான் கட்டியது.) கீழே, கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் நீர்வேலிக் கஜந்தினி. முதலில் அவளுக்கு ஒரு ராடர் கொடுத்திருந்தேன். கதை இரண்டு வரியில் முடிந்துவிட்டது. பறித்துவிட்டேன். ஆகவே அவன் எந்த உயரத்தில் பறக்கிறான் என்பது அவன் வாயால் சொன்னால்தான் அவளுக்குத் தெரியும்.

3
வானொலியில் ஒரு விதி உண்டு. கோபுரம் சொல்வதை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், ஆங்கிலத்தில். பயம் வந்ததும் பிரவீணன் தமிழுக்கு வந்துவிட்டான். வந்து, எங்கள் ஆட்கள் தொலைபேசியில் செய்வதையே செய்தான்.

"ஆயிரத்தஞ்ஞூறு அடிக்குக் கீழை இப்ப வரவேண்டாம்."

"ஓம், ஓம்."

"உயரம் எவ்வளவு?"

"எண்ணூறு, அக்கா."

(இங்கே கஜந்தினியை அழவைத்தேன். "அழுதுகொண்டு ஆர் கதைக்கிறது?" என்று என்னையே கேட்டாள். நியாயம்தான்.)

"தம்பி, ஏறும்! ரெண்டாயிரத்துக்கு ஏறும்!"

ஏறினான். இன்னும் இரண்டு தடவை இறங்கிப் பார்க்கத்தான் எரிபொருள் போதும்.

4
"இனி இறங்கலாம். அஞ்ஞூறு அடியிலை ஓடுபாதை தெரியாட்டி, தேடிக்கொண்டு நிக்காமல் ஏறோணும். விளங்கிச்சோ?"

"ஓம், ஓம், ஓம்."

"உந்த ஓம் எனக்கு வேண்டாம். என்ரை அவரும் உப்பிடித்தான். நான் என்ன சொன்னனான்?"

"அக்கா... நீங்கள் கதைச்சது கேட்டது. ஒண்டும் விளங்கேல்லை. பயமாய்க் கிடக்கு."

இந்த வசனம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. நாற்பத்தேழு வயதுவரை "விளங்கேல்லை" என்று நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. வெட்கமாக இருக்கிறது.

"அது பரவாயில்லை. துண்டு துண்டாய்ச் சொல்லுறன். திருப்பிச் சொல்லும். அஞ்ஞூறு அடி."

"அஞ்ஞூறு அடி."

"பாதை தெரியாட்டி ஏறோணும்."

"தெரியாட்டி... ஏறோணும்."

5
முடிவு அ: ஐந்நூறு அடியில் முகில் விலகுகிறது. (சிவகௌரி வாசித்துவிட்டு, "முகில் என்ன உங்கடை மச்சானோ, கூப்பிட்ட உடனை விலக?" என்றாள். வெட்டு.)

முடிவு ஆ: பிரவீணன் ஐந்நூறைத் தாண்டியும் பாதையைத் தேடிக்கொண்டே... (இல்லை. மனம் வரவில்லை.)

நடந்தது இதுதான்:

"அஞ்ஞூறு அடி. பாதை தெரியேல்லை, அக்கா. ஏறுறன்."

ஏறிவிட்டான்! கஜந்தினி கதிரையில் சாய்ந்து முகத்தைத் துடைத்தாள். இனி ஒரேயொரு தடவைதான் மிச்சம்.

அந்தத் தடவைக்கு அவளுடைய வரிகளை நான் எழுதவில்லை. கோபுரத்தில் இப்போது நீங்கள்தான் இருக்கிறீர்கள். (ஆண் வாசகர்கள் குரலைக் கொஞ்சம் மெலிதாக்கிக்கொள்ளவும்.) அவன் கூப்பிடுகிறான்:

"அக்கா, நிக்கிறியளோ?"