ஹாலில் கேட்கும்

“ஹலோ, ஹலோ… கேக்குதா?”

டிவிக்குக் கீழே இருந்த ஸ்பீக்கரிலிருந்து பெரியவனின் குரல் வந்தது. அவன் நின்றிருந்தது வீட்டின் கடைசி அறையில், அப்பாவின் தலைமாட்டு மைக்குக்கு முன்னால். அப்பா நேற்றிரவு தூக்கத்தில் போய்விட்டார் என்பது பெரியவன் சொல்லும் கணக்கு. துக்கம் கேட்க வந்து சோபாவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு, இதற்குப் பதில் சொல்வது மரியாதையா, வாயை மூடிக்கொண்டிருப்பது மரியாதையா என்று விளங்கவில்லை. சித்தப்பா மட்டும் அணைந்திருந்த டிவியைப் பார்த்து, “ஜோரா கேக்குது,” என்றார்.

இவ்வளவும் அத்தை கேட்ட ஒரே கேள்விக்கு. “அண்ணன் கடைசியா யாரையாவது கூப்பிட்டாரா?”

சின்னவனும் வெளியூரிலிருந்து வந்து இறங்கியது முதல் அதைத்தான் கேட்கத் தவித்துக்கொண்டிருந்தான். விடிந்ததும் அப்பாவுக்கு டீ கொண்டுபோன அண்ணி, வாசலிலேயே அவனிடம் சொல்லியிருந்தாள்: “மைக்க ஸ்டாண்டோட இழுத்து நெஞ்சு மேல வச்சிருந்தாரு, தம்பி.” பெரியவன் உடனே குறுக்கே விழுந்தான். “தூக்கத்துல கை பட்டிருக்கும்டா. கூப்பிட்டிருந்தா ஹால்ல கேட்டிருக்குமே.”

இப்போது அதை நிரூபித்துக் காட்டத்தான் ஹலோ ஹலோ. பின்னறைக்குப் போகுமுன் பெரியவன் டிவி ஸ்டாண்ட் முன்னால் குனிந்து எதையோ தொட்டான். எதை என்று சின்னவனுக்குத் தெரியவில்லை. அண்ணனின் முதுகு அகலமானது.

பெரியவனுக்கு வேலை இன்ஷூரன்ஸ். வெறி, வயர். அப்பாவின் கால்கள் விழுந்தபோது ஹாலில் கட்டில் போடலாம் என்று சின்னவன் போனில் சொன்னான். அப்புறம் சோபாவை எங்கே போடுவது என்ற கேள்வி எழுந்தது. சோபா ஜெயித்தது. அப்பா பின்னறைக்குப் போனார். தனியாக விட்டோம் என்று நாளைக்கு யாரும் நாக்கு மேல் பல் போட்டுப் பேசக் கூடாதல்லவா? பெரியவன் ஒரு பெரிய வயர்ச் சுருளோடு வந்து இறங்கினான். ஹால் கேபிள் பெட்டியிலிருந்து அப்பாவின் டிவிக்குப் படம் போக ஒரு வயர், அங்கிருந்து மைக் சத்தம் வர ஒரு வயர். இரண்டும் ஜோடியாகச் சுவரோரம் ஊர்ந்து, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் நுழைந்து, சமையலறையைச் சுற்றி, பின்னறை வாசலில் தரையோடு டேப் ஒட்டிக்கொண்டு உள்ளே போயின. பெட்டி ஒன்றுதான். ஹாலில் என்ன ஓடுகிறதோ அதுவே அப்பாவுக்கும். மாமியார் மருமகளுக்கு விஷம் வைத்தாலும் சரி, மருமகள் மாமியாருக்கு வைத்தாலும் சரி, அவர் பார்த்தே தீர வேண்டும். மிக்ஸி ஓடினால் படம் போய்விடும். சட்னி அரைபட்டு முடிகிறவரை அப்பா நீலத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஓடுகிற பஸ்ஸின் பின்படியில் நின்று குரல் கொடுத்தால் டிரைவர் பிரேக் போடுவார், அப்படிப்பட்ட கண்டக்டர் அவர். அந்தத் தொண்டைக்குக் கடைசியில் மைக் வேண்டியிருந்தது.

“நல்ல ஏற்பாடுண்ணா,” என்று சின்னவனும் போனில் சொல்லியிருந்தான்.

பெரியவன் ஹாலுக்குத் திரும்பி வந்தான். முகத்தில் துக்கத்துக்கு ஒதுக்கிய இடம் போக மிச்சமெல்லாம் பெருமை. “வயர்லெஸ்லாம் சும்மா ஏமாத்து வேலை, சித்தப்பா. இது வயரு. அவர் இருமினாக்கூட இங்க கேக்கும்.”

“அப்ப ராத்திரியெல்லாம் உங்களுக்குத் தூக்கம் கெட்டிருக்குமேம்மா?” என்று அத்தை அண்ணியைப் பார்த்து உச்சுக்கொட்டினாள்.

“பழகிப்போச்சு, சித்தி,” என்றாள் அண்ணி.

சின்னவன் அவளைச் சமையலறையில் பிடித்தான். “அண்ணி, நேத்து ஸ்பீக்கர் ஆன்லதான இருந்துச்சு?”

“ஆஃப் பண்றதே இல்லையே, தம்பி.” அவள் கண்கள் நேராக அவனைப் பார்த்தன. பொய் சொல்கிறவள் பார்வை இல்லை. சின்னவனுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

மதியம் வண்டி வந்தது. வண்டிக்காரர்கள் இருவரும் அப்பாவை ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தள்ளிக்கொண்டு பின்னறை வாசலைத் தாண்டும்போது சக்கரம் டேப்பில் சிக்கியது.

“ஐயோ! வயரு! வயரு! பார்த்துப்பா!”

காலையிலிருந்து பெரியவனின் குரல் உடைந்தது அப்போதுதான். அத்தை அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு அவன் தோளைப் பிடித்து, “அழுதுடுப்பா, அடக்காத,” என்றாள். அவன் குனிந்து டேப்பைத் தடவிக்கொண்டிருந்தான். வண்டிக்காரர்கள் சக்கரத்தைத் தூக்கி, வயருக்கு வலிக்காமல் அப்பாவை வெளியே கொண்டுபோனார்கள்.

எல்லாம் முடிந்து திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. சொந்தக்காரர்கள் கலைந்து, அத்தையும் சித்தப்பாவும் மட்டும் தங்கினார்கள். பேச்சு நின்றபோதுதான் ஹாலில் ஒரு சத்தம் இருப்பது தெரிந்தது. சரக், சரக் என்று, எங்கோ யாரோ செருப்பைத் தேய்த்து நடப்பதுபோல.

“என்னப்பா அது?” என்றாள் அத்தை.

“அப்பா ரூம் ஃபேன்,” என்றான் சின்னவன். “யாரும் நிறுத்தல போல.”

ஃபேன் சுற்றியது. நடுவில் அந்த அறையின் ஜன்னல் கொக்கி ஒருமுறை ஆடியது, அதுவும் கேட்டது. அடுத்த தெருவில் ஒரு நாய் குரைத்தது. பெரியவன் சொன்னதில் ஒரு சொட்டுப் பொய் இல்லை, எல்லாமே கேட்கத்தான் செய்தது. சின்னவன் முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

அண்ணி டீத் தட்டோடு வந்தாள். சித்தப்பாவுக்குக் கொடுத்தாள், அத்தைக்குக் கொடுத்தாள். ஸ்டாண்டின் மேலிருந்த ரிமோட்டை எடுத்து டிவியைப் போட்டாள். செய்தி ஓடியது. தட்டை இடுப்பில் சாய்த்துக்கொண்டு, கண் திரையிலேயே இருக்க, கையைக் கீழே விட்டாள். கை எதையும் தேடவில்லை. ஸ்டாண்டின் கீழ்த்தட்டில், துணி மூடிய ஸ்பீக்கர் பெட்டியில், ஒரு திருகை நேராகப் போய்ப் பிடித்தது. இடப்பக்கம் ஒரே திருப்பு, அதற்கு மேல் திரும்பாத இடம் வரை.

ஃபேன் சத்தம் நின்றது.

அவள் என்ன செய்தாள் என்று அவளுக்கே தெரிந்த மாதிரி இல்லை. பெரியவன் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சர்க்கர போதுமா பாருங்க, தம்பி,” என்று கடைசி டம்ளரை நீட்டினாள்.

சின்னவன் வாங்கி ஒரு வாய் குடித்தான். போதும் என்று தலையை ஆட்டினான்.