சேமித்த குளம்

எங்கள் ஊர்க் குளம் ஐப்பசி கடைசியிலிருந்து இசக்கியம்மாளின் செல்போனில் இருந்தது.

செல்போன் பயிற்சியின் ஒன்பதாம் நாள் அவர் அதைக் கேமராவில் பிடித்து 'சேமி' என்பதை அழுத்தினார். நான்தான் பயிற்சியாளர், பத்தொன்பது வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவன். "எதை முடித்தாலும் மறக்காமல் சேமியுங்கள்" என்று ஆங்கிலத்தில் நினைத்துத் தமிழில் சொல்லியிருந்தேன். குளத்துக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும்.

சேமித்ததைத் திறப்பது பத்தாம் நாள் பாடம். அன்று எனக்கு ஒரு கல்யாண விருந்து. பயிற்சிக்கு வந்த முப்பத்திரண்டு பேருக்கும் 'திறந்து காட்டினார்' என்று சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டேன்.

நீடித்த வளர்ச்சித் திட்ட அதிகாரி வந்து குளத்தின் வெறுந்தரையைப் பார்த்தார், பிறகு போனைப் பார்த்தார். ஒரு சொட்டும் வீணாகவில்லை என்று எழுதிக்கொண்டு எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

இசக்கியம்மாளின் நாற்றுக்கு இருபத்தெட்டு நாள் ஆகியிருந்தது. இரண்டு நாளில் நடாவிட்டால் முற்றிவிடும். வயல் காய்ந்து கிடந்தது. போனை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"எங்கிட்டதான் சார் கோளாறு. தெறந்து காட்டுனேன்னு எழுதித் தந்திருக்கிய. எப்படித் தெறந்தேன்னு மறந்துபோச்சு."

கூட வந்திருந்த சுடலைமுத்து அண்ணன் எட்டிப் பார்த்தார். குளத்து மடையைத் திறந்துவிடுவது அவர் வேலை. "இதுல மம்பட்டிய எங்கன வைக்க? சாரு கேடயத்த வச்சு நெம்பிப் பாப்பமா?"

போனை வாங்கி 'திற' என்பதை அழுத்தினேன். 'ஏற்கெனவே திறக்கப்பட்டது' என்று வந்தது. சான்றிதழில் அப்படித்தானே இருந்தது. போன் அதை நம்பியிருந்தது.

நான் தரையைப் பார்த்துச் சொன்னேன். "நீங்க மறக்கலைக்கா. பத்தாம் நாள் வகுப்பே நடக்கல. நான் போட்டது பொய்க் கையெழுத்து."

"தெரியும்லா," என்றார் சுடலைமுத்து. "பந்தியில எனக்கு அடுத்த எலையிலதான இருந்திய."

இசக்கியம்மாள் சான்றிதழை நீட்டினார். என் கையெழுத்தை நானே கோடிட்டு அடித்தேன்.

போன் திறந்துகொண்டது. குளம் தன் இடத்துக்குத் திரும்பி வந்தது. அவர் போனைச் செங்குத்தாகப் பிடித்திருந்ததால் அதுவும் செங்குத்தாக நின்றது, தென்னை உயரத்துக்கு, அலையோடும் நாரைகளோடும். போனைப் படுக்கைவாட்டில் பிடிப்பதும் பத்தாம் நாள் பாடம்தான்.

இசக்கியம்மாள் ஏணி கொண்டுவந்தார். மடை பதினான்காவது படிக்கு நேரே இருந்தது. சுடலைமுத்து மம்பட்டியோடு ஏறினார். ஏணி ஆடாமலிருக்க அதன் ஒரு காலுக்கு அடியில் கேடயத்தை வைத்துப் பிடித்துக்கொண்டேன்.