இரண்டாவதாக அழைக்கப்பட்டவள்

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் அவருக்குத் தக்காளி என்றுதான் பெயர். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே முகம் குப்பென்று சிவந்துவிடும். குடித்துவிட்டு வந்திருக்கிறாரோ என்று மேலாளர் ஒருமுறை வாயை ஊதச் சொன்னார். ஊதிக் காட்டிவிட்டு வந்து, மனைவியிடம் சொல்லிச் சிரித்தார். வயிற்றுப்போக்கும் சேர்ந்து படுத்தியெடுத்த பிறகுதான் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சிறுகுடலில் கட்டி. அது சுரந்ததுதான் முகத்தைச் சிவக்க வைத்திருக்கிறது. குடலில் இருந்ததை வெட்டி எடுத்தார்கள். அதற்குள் அது கல்லீரல் முழுக்க விதைத்துவிட்டிருந்தது.

"இது மெதுவா வளர்ற வகை," என்றார் அறுவை சிகிச்சை செய்த பெண் மருத்துவர். "கல்லீரலைத் தாண்டாம இருந்தா, அதை எடுத்துட்டு வேற வைக்கலாம். எல்லாருக்கும் செய்றதில்ல. உங்களுக்குச் செஞ்சு பாக்கலாம்."

மாதாமாதம் ஊசி, ஸ்கேன் மேல் ஸ்கேன். நோய் அசையாமல் கிடந்தது. ஒரு நாள் காலையில் போன் வந்தது. யாரோ இறந்திருந்தார், கல்லீரல் கிடைத்திருந்தது. சலவைக்கடையில் துணி தேய்த்துக்கொண்டிருந்த மனைவி, இஸ்திரிப் பெட்டியை அணைத்தோமா என்ற சந்தேகத்தோடே ஓடிவந்தாள்.

"முதல்ல திறந்து பாப்போம்," என்றார் மருத்துவர். "வெளியில கடுகளவு இருந்தாக்கூட மூடிடுவோம். புதுசை உடம்பு ஏத்துக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கணும். அப்போ மிச்சம் இருக்கிற கட்டி கண்டபடி வளரும்."

"அப்போ அந்தக் கல்லீரல்?"

"இன்னொருத்தரையும் வரச் சொல்லியிருக்கோம்."

காத்திருக்கும் கூடத்தில் எதிரே ஒருவர் உட்கார்ந்திருந்தார். நகக்கண்ணில் வெள்ளை பெயின்ட்.

"உள்ள யாரும்மா?"

"வீட்டுக்காரர். கல்லீரல் மாத்துறாங்க."

அவர் முகம் செத்துப்போனது. அவளுக்குப் புரிந்துவிட்டது.

"உங்களுக்கு?"

"பொண்ணு. எதுக்கும் இருக்கட்டும்னு கூப்பிட்டாங்க."

பெயின்டர் இரண்டு டீ வாங்கிவந்து ஒன்றை அவள் பக்கத்தில் வைத்தார். வேண்டாம் என்றுதான் நினைத்தாள். தொண்டை வறண்டதால் குடித்தாள். அதன் பிறகு இருவரும் ஒரே கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது இப்போதைக்குத் திறக்கக் கூடாது என்று அவள் வேண்டிக்கொண்டாள். அவர் என்ன வேண்டிக்கொள்வார் என்பதும் தெரிந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கதவு சீக்கிரமே திறந்தது.

"குடலை ஒட்டின சவ்வுல சின்னச் சின்னதா இருக்கும்மா. எடுத்துச் சோதிச்சும் பாத்துட்டோம். அதேதான்."

"அதையும் சுரண்டி எடுத்துட்டு வெச்சிடக் கூடாதா டாக்டர்?"

"கூடாதும்மா. அவருக்குக் கெடுதல்தான்."

பின்னால் நர்ஸ் பெயின்டரைக் கைகாட்டி அழைத்தாள். அவர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்து இவளிடம் வந்தார்.

"அம்மா, நான்..."

"கூப்பிடுறாங்கல்ல? போங்க."

சாயங்காலம் கணவருக்கு நினைவு திரும்பியது. கை வயிற்றின்மேல் இருந்த கட்டைத் தடவியது.

"முடிஞ்சுதா?"

பகலெல்லாம் யோசித்துவைத்த பொய் ஒன்றும் வாயில் வரவில்லை. "இல்லங்க. வெளியிலயும் இருக்காம். மூடிட்டாங்க."

அவர் முகம் காதுவரை சிவந்தது. நோயா அழுகையா என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

"யாருக்குக் குடுத்தாங்க?"

"ஒரு பொண்ணுக்கு. அப்பா பெயின்டர்."

"பொழைச்சுக்குமா?"

"நான் கேக்கல."

"கேட்டிருக்கலாமே."

"அது பொழைக்கக் கூடாதுன்னு ஒரு நிமிஷம் நினைச்சேங்க."

அவர் மெல்ல முகத்தைத் திருப்பிப் பார்த்தார். "ஒரு நிமிஷம்தானா?"

"இல்ல," என்றாள். அவர் அவள் விரலைப் பிடித்துக்கொண்டார்.

தையல் பிரிக்கப் போன அன்று, தாழ்வாரத்தில் அந்தப் பெண் சுவரைப் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தாள். பின்னால் அந்தப் பெயின்டர். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் கணவருக்கு யாரென்று புரிந்தது. கணவர் நின்று, "நல்லா நடம்மா," என்றார். மனைவி நிற்கவில்லை. லிஃப்ட் வாசலில் போய், அவர் வரும்வரை முதுகைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு இரண்டு வருடத்துக்கும் மேல் அவர் உயிரோடு இருந்தார். ஊசியும் தொடர்ந்தது. கடைசி மாதங்களில் எந்த மருந்துக்கும் நோய் கேட்கவில்லை. அந்தப் பெண்ணைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை.