துண்டு துண்டாய்த் தூங்கியவர்

புத்தகம் தைக்கும் பைண்டர் தரையில் பரப்பியிருந்த பத்திரிகைகளுக்கு நடுவே ஒரேயொரு இடம் காலி. அங்கேதான் அவர் முகம் இருக்க வேண்டும்.

அவர் மனைவி ஓவியக்காரி. ஊரையே வம்புக்கு இழுக்கும் பத்திரிகை ஒன்றைத் தோழிகளோடு நடத்தினாள். தன் கண்காட்சிக்காகக் கொண்டுவந்த இதழுக்கு, தான் வரைந்த ஆளுயரப் படமொன்றைக் கத்தரியால் நறுக்கி, பிரதிக்கு ஒரு துண்டாக அட்டை போட்டுவிட்டாள். "சுவத்துல தொங்கினா ஒருத்தன் வாங்கிட்டுப் போயிடுவான். இப்படின்னா ஊருக்கே போகும்" என்றாள். அடிப்பாவி! படத்தில் இருந்தது, சாய்வு நாற்காலியில் தூங்கும் அவள் புருஷன்.

அந்த இதழைத் தைத்துக் கொடுத்தவரும் அவரேதான். அட்டையைக் கவிழ்த்துப் போட்டு, முதுகை மட்டும் பார்த்துத் தைப்பது அவர் தொழில்புத்தி. தன் முகம் தன் கையைத் தாண்டிப் போனதுகூட மனுஷனுக்குத் தெரியவில்லை.

"நான் வரையுறத ஒருநாளாவது பாத்திருக்கீங்களா? உக்காந்தா தூக்கம்தான்" என்று அவள் குறைப்பட்டுக்கொண்டே இருப்பாள். அவர் தூங்கினால்தானே! நேராகப் பார்க்க வெட்கப்பட்டு, அரைக்கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருப்பார். அதைச் சொல்வதற்குள் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். குறையோடே போய்விட்டாளே என்பதுதான் அவர் நெஞ்சில் தைத்த முள். அவள் கண்ணுக்குத் தான் எப்படித்தான் தெரிந்தோமோ, அதையாவது பார்த்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு பிரதியாகத் தேடிச் சேர்த்தார். இப்போது அவை அரிய சரக்கு. வைத்திருப்பவர்கள் பிளாஸ்டிக் உறையை விட்டு எடுக்கவே யோசிப்பார்கள்.

பழைய பத்திரிகைக் கடைக்காரி மூச்சிரைக்க வந்து, காகிதத்தில் சுற்றிய ஒன்றை நீட்டினாள்.

"கடைசியும் கெடச்சிடுச்சுண்ணே! நான் பிரிச்சுப் பாக்கல. நீங்களே மொதல்ல பாருங்க. அட்டைய மட்டும் கிழிச்சிடாதீங்க."

"பைண்டர்கிட்ட சொல்ற பேச்சாம்மா இது?"

மின்விசிறிக் காற்றில் அட்டைகள் மெல்ல எழுந்து தணிந்தன. தரையில் கிடந்தவன் மூச்சு விடுவதுபோல் இருந்தது. பட்டன் போன சட்டை, ஜன்னல் வெயில், நழுவிய செருப்பு. அந்தப் பழைய மத்தியானம் அப்படியே அறைக்குள் வந்து நின்றது. காகிதத்தைப் பிரித்து, கடைசிப் பிரதியைக் காலி இடத்தில் வைத்தார்.

வாய் லேசாகப் பிளந்து, அசல் தூக்கம்.

"என்னண்ணே, ஒரு கண்ணு கொஞ்சம் தொறந்திருக்கு?" என்று குனிந்தாள் கடைக்காரி.

இமைக்குக் கீழே கீற்றாய் வெள்ளை. அதில் பொட்டுப்போல ஒரு கருமணி.

"நான் பாக்குறது தெரிஞ்சுதான் திட்டியிருக்காம்மா" என்றார். சிரிக்க ஆரம்பித்தவர், அழுதுவிட்டார்.